கதவுக்கு வெளியே வைத்தவை

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். பேச்சு வராதவர்கள், சத்தம் தாங்காதவர்கள், ஓர் இடத்தில் நிற்க முடியாதவர்கள், இப்படிப்பட்ட குழந்தைகளும் பெரியவர்களும் வந்து இருப்பதற்கென்று ஓர் அறை அமைக்கப்போகிறார்களாம். இப்போது அதற்குப் புலன் அறை என்று பெயர். கையில் வழவழப்பான ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். குமிழி விடும் கண்ணாடிக் குழாய், நிறம் மாறும் விளக்கு, உட்கார்ந்தால் அமுங்கும் மெத்தை என்று பக்கத்துக்குப் பக்கம் படம். "நீங்க அந்தக் காலத்துலயே மூணாறு பக்கம் இப்படி ஒண்ணு செஞ்சீங்கன்னு சொன்னாங்க. என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்கம்மா" என்றார்கள்.

எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இன்னும் இரண்டு வரி எழுதிவிட்டு, கொடியில் பாதி காய்ந்திருந்த துணியை எடுத்து மடித்தேன். உட்கார்ந்த இடத்தில் ஒரு வேலையை முடிக்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். கடைசியில் அந்த லிஸ்டைக் கிழித்துப் போட்டேன். அதில் நான் எழுதியிருந்த ஆறும் தப்பான பொருள்கள். தப்பு என்று எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொன்னால்தான் அவர்களுக்கு உதவும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது. பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தில் ஆயா வேலை. என் அண்ணனுக்கு முப்பது. அவனுக்குப் பேச்சு கிடையாது. நல்ல உயரம், கையில் நல்ல பலம். காலையில் பாக்டரியில் சங்கு ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரில் போய் முட்டுவான். நாங்கள் இருந்த லயத்தில் பத்து வீடுகள் ஒட்டி ஒட்டி. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்பார்கள். இந்தப் பக்கம் ரேடியோ, அந்தப் பக்கம் சண்டை, கொல்லையில் கோழி. அதற்குள்தான் அவன் முப்பது வருஷம் இருந்தான்.

அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, தண்ணீர்க் குழாய். திறந்துவிட்டுப் புறங்கையில் தண்ணீர் விழும்படி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பான். பின்னால் பதினைந்து குடம் வரிசையில் நிற்கும். ஒருநாள், ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி பொறுக்க முடியாமல் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் தள்ளிவிட்டான். அவள் குடங்களின் மேல் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லயமே கொதித்தது. அவளே நேராகத் தொரையிடம் போய்ச் சொன்னாள். அவள் செய்தது நியாயம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அன்றைக்கு மட்டும் அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய மூத்த பெண், ஆறு வயது, என் காப்பகத்தில்தான் இருந்தாள். நுனிக்காலில் நடப்பாள், யாராவது சிரித்தால் காதைப் பொத்துவாள், மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கும்போது இவள் மட்டும் சுவரைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

தொரை என்று நாங்கள் சொல்வது தோட்ட மானேஜரை. வெள்ளைக்காரர்கள் போய் நம் ஆட்கள் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கீழே சமவெளியில் இருக்கும் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஓணம் கழிந்ததும் ஜீப் வந்து அண்ணனைக் கூட்டிப் போகும் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷனிலிருந்து ஓர் ஆளை அப்படிக் கூட்டிப் போயிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய வீட்டில் ஒரு வருஷம் கழித்துச் சட்டையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அம்மா அழுதாள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

அடுத்த வாரம் அவன் காணாமல் போனான். குழாயில் இல்லை, ஓடையில் இல்லை. மத்தியானம் முழுக்கத் தேடி, கடைசியில் பாக்டரியின் மேல் மாடியில் கண்டுபிடித்தேன். பறித்த கொழுந்தை அங்கேதான் வாட வைப்பார்கள். நீள நீளமாகச் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் இலையைப் பரப்பியிருப்பார்கள். கதகதப்பாக இருக்கும். காற்றாடி ஒரே சீராக ஓடும், ஏறாது, இறங்காது. இலை தூவாத ஒரு துணிக்குக் கீழே அண்ணன் மல்லாந்து படுத்திருந்தான். உள்ளங்கையை மேலே தூக்கித் துணியில் வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அவன் முகம் அப்படி இருக்கக்கூடியது என்பதே எனக்குத் தெரியாது. பாக்டரியைக் கவனித்துக்கொள்ளும் டீ மேக்கர் வந்து எங்கள் இருவரையும் விரட்டினார். பெல்ட் ஓடுகிற இடம், கை போய்விடும் என்று அவர் பயந்ததும் சரிதான்.

அன்றைக்கே எனக்குள் ஒன்று ஏறிக்கொண்டது. காப்பகத்தை ஒட்டி, பழைய தேயிலைப் பெட்டிகளைப் போட்டு வைத்த ஓர் அறை இருந்தது. அதைக் காலி செய்து அந்த மாடியை இங்கே கொண்டுவந்துவிட்டால் என்ன? டிஸ்பென்சரிக் கம்பவுண்டரிடம் ஓடினேன். ஆலப்புழைக்காரர், பொறுமைசாலி. நான் மூச்சு விடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "மோளே, தொரைகிட்ட நான் சொல்லிப் பாக்கறேன். ஆனா ஒண்ணு கேட்டோ, ஓணத்துக்கு முன்னாடி அவர் கண்ணால எதாவது பாக்கணும். இல்லாட்டி ஜீப் வரும்" என்றார். தொரை சரி என்றார். ஓணம் வருகிற வாரத்துத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

பிறகு நான் தரையில் நிற்கவில்லை. பாக்டரியில் கிழிந்து ஒதுக்கிய சாக்குத்துணியை வாங்கிச் சட்டத்தில் இழுத்து ஒரு சுவர் முழுக்க அடித்தேன். தேயிலையைச் சலித்தபின் தங்கும் நாரை நாலு சாக்குகளில் அடைத்து மெத்தை போலப் போட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை எதிர்ச் சுவரில் ஒட்டினேன், வெயில் பட்டால் மினுங்கும் என்று. டிஸ்பென்சரியிலிருந்து பச்சையும் பழுப்புமாகக் காலிப் புட்டிகளை வாங்கி ஜன்னலில் வரிசையாக அடுக்கினேன். உடைந்த வளையல்களைக் கோத்துத் தொங்கவிட்டேன். மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் நிரப்பிக் கூழாங்கல் போட்டேன். ஆட்டு மயிர், மயிலிறகு, ஒரு சைக்கிள் மணி. கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தேன். தினமும் அண்ணனைக் கூட்டி வந்து, "இதத் தொடு, இதப் பாரு, இங்கன பாரு" என்று ஒவ்வொன்றாக அவன் கையில் திணிப்பேன். அவன் கையை உதறுவான். இது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்று தேடி ஓடுவேன்.

அம்மா ஒருநாள் வேலை முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்தாள். "ஏட்டி, புதுசா ஒரு எடத்துக்குப் போறதுன்னா வெளக்கு வைக்காமலா? பாலு காய்ச்சாமலா?" என்று கேட்டாள். மறுநாள் மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சி, மூலையில் ஒரு விளக்கும் ஏற்றினாள். விளக்கு இருந்தால் படம் வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரி மாரியம்மன் படம் கொண்டுவந்து மாட்டினாள். படம் வந்தபின் மணி வந்தது, மணிக்குப் பின் சாம்பிராணி வந்தது. பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சு வரவழைக்கிற அறை என்று மூன்று டிவிஷன்களிலும் செய்தி பரவிவிட்டது. பிள்ளை இல்லாத ஒருத்தி குட்டித் தொட்டில் கட்டிவிட்டுப் போனாள். பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாருக்காக அந்த அறையோ, அவனை மட்டும் உள்ளே விடத் தயங்கினார்கள், விளக்கைத் தட்டிவிடுவானாம்.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. லயத்தில் எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். அவனை ஒதுக்குபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தது. தொரை வருகிறார் என்று பெண்கள் விடிவதற்குள் அறையைக் கழுவிக் கோலம் போட்டு, கற்பூரம் ஏற்றி, சாம்பிராணிப் புகையால் நிரப்பிவிட்டார்கள். உள்ளே பதினைந்து பேர். பதினொரு மணிக்கு அண்ணனின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். யாரோ மணியை அடித்தார்கள். அவ்வளவுதான். அவன் ஈயத்தாள் சுவரில் நெற்றியால் முட்டினான், மறுபடி மறுபடி. தாள் கிழிந்தது, ஜன்னலில் இருந்த புட்டிகள் உடைந்தன, அவன் தன் கையையே கடித்தான். பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். புகைக்கு நடுவே வாசலில் நின்ற தொரையின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீ நல்லா முயற்சி பண்ணினே. வெள்ளிக்கிழமை ஜீப் வரும்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் அறைக்குள் போய், மாரியம்மன் படத்தைக் கழற்றினேன். அம்மா வாசலை மறித்தாள். "சாமி படத்துல கை வைக்காத. குடும்பத்துக்கு ஆகாது" என்றாள். "இனி என்னம்மா ஆகணும்?" என்று கேட்டேன். அவள் என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அவளே படத்தை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து, பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். விளக்கு, மணி, தொட்டில் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. சிலர் வாங்கும்போது என்னைச் சபித்தார்கள். செவ்வாய்க்கிழமை முழுதும் தரையைத் தேய்த்து, சாம்பிராணி வாசனை போகும்வரை ஜன்னலைத் திறந்து வைத்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும், கெடுத்தது அவர்கள்தான் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

புதன்கிழமை அவனைக் கூட்டி வந்தேன். உள்ளே நானும் அவனும் மட்டும். இரண்டு நாள்தான் இருக்கிறது என்ற பதைப்பில் நான் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இல்லை. தண்ணீரைக் கலக்கினேன், வளையலை ஆட்டினேன், மயிலிறகை அவன் கன்னத்தில் தடவினேன். "அண்ணே, இதப் பாரேன், ஒருவாட்டி பாரேன்" என்று கெஞ்சினேன், திட்டினேன். அவன் என் கையிலிருந்த மயிலிறகை வாங்கினான். அவன் நடந்து போய்க் கதவைத் திறந்து, மயிலிறகை வெளியே தரையில் வைத்தான். திரும்பி வந்தான். வளையல் சரத்தை அவிழ்த்துக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தான். மிஞ்சியிருந்த இரண்டு புட்டிகள், ஆட்டு மயிர், சைக்கிள் மணி, கிழிந்து தொங்கிய ஈயத்தாள். ஒன்றைக்கூட எறியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப்போய், சுவரோரமாக, ஒரே இடைவெளி விட்டு வரிசையாக வைத்தான். தண்ணீர்த் தகரத்தைக்கூடச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போனான். சாக்குத்துணியையும் நார் மூட்டைகளையும் தொடவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்க்க மாட்டான், தோளைத்தான் பார்ப்பான். என் மணிக்கட்டைப் பிடித்தான், வலிக்காமல். வெளியே கூட்டிப்போய், தகரத்துக்குப் பக்கத்தில், அதே இடைவெளி விட்டு என்னை நிறுத்தினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் அங்கேயே நின்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. சாமி படத்தைக் கொண்டுவந்தவர்களை அத்தனை திட்டினேனே, அந்த அறையிலேயே அதிகச் சத்தம் போட்ட பொருள் நான்தான். நான் பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது, அதையும் என்னைப் பிடித்து நிறுத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கதவு இடுக்கில் பார்த்தேன். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு, சாக்குத்துணியில் உள்ளங்கையை வைத்துப் படுத்திருந்தான். பாக்டரி மாடியில் பார்த்த அதே முகம்.

வியாழக்கிழமையும் அவன் பொழுதெல்லாம் அங்கே இருந்தான். மத்தியானம் சங்கு ஊதியபோது மூட்டைக்குள் தலையைப் புதைத்தான், முட்டவில்லை. நான் கம்பவுண்டரிடம் ஓடினேன். "சந்தோஷம், மோளே. ஆனா கடிதாசு போயாச்சு. ஆஸ்பத்திரியில எடம் ஒதுக்கியாச்சு. தொரை கேப்பாரான்னு எனக்குத் தெரியல" என்றார்.

வெள்ளிக்கிழமை அம்மா பறிக்கப் போகவில்லை. அண்ணனின் இரண்டு சட்டையையும் வேட்டியையும் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, காப்பகத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. கிளம்ப வசதியாக அதைத் திருப்பி இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினார்கள். தொரை இறங்கினார், கம்பவுண்டர் இறங்கினார், பின்னால் காவல்காரன் இறங்கினான். காவல்காரன் கையில் கயிறு இருந்தது.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். "தொர, இப்ப வேண்டாம். உள்ள அமைதியா இருக்கான். ஒரு தடவ இடுக்குல பாருங்க."

அப்போதுதான் காப்பகத்துக்குள்ளிருந்து இன்னோர் ஆயா கத்தினாள், அந்த ஆறு வயதுப் பெண்ணைக் காணோம் என்று. நான் அறை வாசலிலேயே கிடந்ததில், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. தொரை என்னைத் தள்ளிவிட்டு இடுக்கில் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். "குழந்தை உள்ளே இருக்கு. அவன்கூட ஒரு குழந்தையைத் தனியா விட்டிருக்கியா?"

நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் நுழைந்திருக்க வேண்டும். காவல்காரன் கதவில் கை வைத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "சத்தமா திறக்காதீங்க" என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் சொல்ல வரவில்லை. அதற்குள் யாரோ ஓடிப் போய் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். ஏழு மாத வயிற்றோடு, கொழுந்துக் கூடையைக்கூடக் கழற்றாமல் மேட்டில் ஏறி ஓடி வந்தாள். குழாயடியில் விழுந்தவள் அவள்தான். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இனி முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் இடுக்கில் கண்ணை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. அவளுடைய தோளுக்கு மேலே நானும் பார்த்தேன். இந்த ஓரத்து மூட்டைகளுக்கு நடுவே அண்ணன். அந்த ஓரத்து மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பெண், வெறும் பாதத்தைச் சாக்குத்துணியில் வைத்தபடி. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணன் துணியைத் தேய்க்கும் அந்தச் சின்னச் சத்தம் மட்டும். பெண்ணின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"தூங்குறா" என்றாள் அவள். "தொர, எம்பொண்ணு பகல்ல தூங்கினதே கெடையாது. பொறந்ததுலேருந்து கெடையாது. இப்ப தூங்குறா."

தொரை கதவைப் பார்த்தார், காவல்காரனைப் பார்த்தார். "நீதானே அவன் மேல புகார் கொடுத்தே?" என்று கேட்டார்.

"நாந்தான் கொடுத்தேன். குழாயடில அவன் செஞ்சது தப்புதான். அது வேற, இது வேற. இப்ப யாரும் அந்தக் கதவத் தொறக்காதீங்க. அவள எழுப்பிராதீங்க."

தொரை கதவை விட்டு விலகினார். சுவரோரமாக வரிசையில் இருந்த மயிலிறகையும் வளையலையும் தகரத்தையும் பார்த்து, "இதெல்லாம் என்ன?" என்று கேட்டார். "அதெல்லாம் அவனுக்கு வேண்டாங்கறான், தொர" என்றேன். "நானும் அதுல ஒண்ணு." அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. கம்பவுண்டரிடம் திரும்பி, ஆஸ்பத்திரிக்கு வேறொரு கடிதம் எழுத வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னார். காவல்காரன் கயிற்றைச் சுருட்டினான். படியில் அம்மா மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள்.

அவர்கள் ஜீப்பில் ஏறினார்கள். டிரைவர் சாவியில் கை வைத்ததும் அந்தப் பெண்ணின் அம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி அவன் கையைப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. டிரைவர் தொரையைப் பார்த்தான். தொரை தலையசைத்தார். அவன் பிரேக்கை மட்டும் விட்டான்.

அண்ணனைக் கொண்டுபோக வந்த ஜீப் என்ஜின் போடாமல் இறக்கத்தில் தானாக உருண்டு, வளைவில் திரும்பி மறைந்தது. ஓடிப் போய்க் கதவைத் திறந்து அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் பறந்தது. ஆனாலும் தகரத்துக்குப் பக்கத்தில், அவன் புதன்கிழமை என்னை நிறுத்திய இடத்தில் போய் நின்றேன். அவனாக எழுந்து வந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயே நின்றேன்.